ஒரு ஆளுக்குச் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகள், பணிமாற்றத்தில் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள், துணையை இழந்து தனியாக இருக்கும் பெரியவர்கள் என்று பலர் என்னிடம் கேட்ட சந்தேகங்கள் இவை. கேட்பவர்கள் வேறு வேறு, கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றே. குடும்பச் சமையலைச் சுருக்கினால் ஒரு ஆளுக்கான சமையல் வந்துவிடும் என்று நினைத்துத்தான் பெரும்பாலானவர்கள் தொடங்குகிறார்கள். அப்படி வராது. அதற்கு அளவு தனி, பாத்திரம் தனி, மிச்சத்தை வைக்கும் முறையும் தனி. கேட்டவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். டம்ளர் என்று வரும் இடமெல்லாம் 200 மி.லி. டம்ளர்.

அக்கா, எனக்குச் சமையலே தெரியாது. எதுல ஆரம்பிக்கிறது?

பருப்புச் சாதத்தில். அரை டம்ளர் பச்சரிசி, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, இரண்டு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் மஞ்சள்தூள், உப்பு, நறுக்கிய ஒரு தக்காளி, நான்கைந்து சின்ன வெங்காயம். எல்லாவற்றையும் குக்கரில் போட்டு நான்கு விசில் விடுங்கள். நெய்யில் சீரகமும் மிளகும் தாளித்துக் கொட்டினால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது. இதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. தண்ணீர் கூடினால் குழைவாக இருக்கும், குறைந்தால் உதிரியாக இருக்கும், இரண்டையும் சாப்பிடலாம்.

அடுத்த வாரம் தனிச் சாதமும் ரசமும், அதற்கடுத்து ஒரு பொரியல், அப்புறம் சாம்பார் என்று போங்கள். முதல் நாளே பிரியாணிக்குப் போய், வெறுத்து, அடுப்பை மூடிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பருப்புச் சாதம், ரசம், ஒரு பொரியல், முட்டை, வீட்டில் உறை ஊற்றிய தயிர் இவ்வளவும் கைவந்தால் ஒருவர் நன்றாகச் சாப்பிட்டு வாழ முடியும்.

ஏம்மா, மனைவி போனப்புறம்தான் அடுப்படிக்குள்ளயே வந்திருக்கேன். குக்கர்னா பயமா இருக்கு. அது இல்லாம முடியாதா?

முடியும் ஐயா. சாதத்தைப் பானையில் வடிக்கலாம், பாசிப்பருப்பு திறந்த பாத்திரத்திலேயே அரை மணி நேரத்துக்குள் வெந்துவிடும். ஆனால் துவரம்பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் குக்கர் பெரிய உதவி, பயந்து ஒதுக்க வேண்டாம்.

நான்கு விஷயம் பார்த்துக்கொண்டால் போதும். மூடுவதற்கு முன் மூடியை வெளிச்சத்தில் பிடித்து, வெயிட் போடும் துளை வழியாக மறுபக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். ரப்பர் வளையம் தளர்ந்தோ விரிசல் விட்டோ இருந்தால் மாற்றுங்கள். பருப்பு வகைக்குப் பாதி அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், அது நுரைத்து வந்து துளையை அடைக்கும். மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு வரை போகலாம். கடைசியாக, ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொடாதீர்கள். மூடி சுலபமாகத் திறக்கவில்லை என்றால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது என்று பொருள்.

என்னென்ன பாத்திரம் வாங்கணும்? செட்டா வாங்கிடலாமா?

செட்டாக வாங்க வேண்டாம், பாதி பரணில் போய்ச் சேரும். 2 லிட்டர் குக்கர், அதற்குள் அடங்கும் இரண்டு சின்னக் கிண்ணம், சின்ன இரும்பு வாணலி, தோசைக்கல், தாளிப்புக் கரண்டி, குழம்பு வைக்க அகலம் குறைந்த ஆழமான பாத்திரம் ஒன்று, நல்ல கத்தி. மிக்ஸி வாங்கும்போது சட்னி ஜார் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். ஒரு ஆளுக்கு அதுதான் தினமும் கைக்கு வரும், பெரிய ஜார் எப்போதாவதுதான்.

அடுப்பைப் பொறுத்தவரை, வாடகை வீட்டில் முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. அடையாள அட்டை காட்டினால் பெட்ரோல் பங்கிலேயே பல இடங்களில் கிடைக்கும். கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைவிட விலை அதிகம், ஆனால் மாடிப்படியில் ஒருவரே தூக்கிவிடலாம். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண அலுமினிய குக்கர் அதில் சூடாகாது. 2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் ஒரு மணி நேரம் எரிந்தால் 2 யூனிட். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு என்ன வாங்குகிறார் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடணும்? எப்பவும் மிஞ்சிப் போகுது.

ஒரு வேளைக்கு அரை டம்ளர். அது ஏறத்தாழ 80 கிராம் அரிசி, வெந்தால் மூன்று மடங்கு எடைக்குக் கிட்ட வரும். உடல் உழைப்பு உள்ளவர்கள் முக்கால் டம்ளர் போடலாம். மிஞ்சிப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கைப்பழக்கம். அம்மா ஐந்து பேருக்கு அளந்ததைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அரை டம்ளர் அரிசி ஒன்றுமே இல்லாத மாதிரிதான் தெரியும். அரிசி டப்பாவுக்குள்ளேயே அந்த டம்ளரைப் போட்டு வையுங்கள், கண் அளவை நம்பாதீர்கள்.

குக்கர்ல அரை டம்ளர் அரிசி வச்சா அடிப்பிடிக்குது. ஏன்?

அளவு குறைவாக இருக்கும்போது, விசில் வருவதற்குள் ஆவியாகிப் போகும் தண்ணீர் மொத்தத் தண்ணீரில் பெரிய பங்கு. ஆறு டம்ளரில் கால் டம்ளர் போனால் தெரியாது. ஒரு டம்ளரில் கால் டம்ளர் போனால் அடி தீயும்.

அதனால் அரிசியை நேரடியாகக் குக்கரில் போடாமல் கிண்ணத்தில் வையுங்கள். குக்கர் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர், அதன்மேல் கிண்ணம். கிண்ணத்துக்குள் அரை டம்ளர் பச்சரிசிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், புழுங்கல் அரிசிக்கு ஒன்றரை டம்ளர். பச்சரிசிக்கு மூன்று விசில், புழுங்கலுக்கு ஐந்தாறு. பக்கத்துக் கிண்ணத்தில் பருப்பையும் அதே நேரத்தில் வைத்துவிடலாம், ஒரே எரிபொருளில் இரண்டும் ஆகும்.

நாலு பேருக்கான சாம்பார் குறிப்பை நாலால வகுத்துத்தான் போட்டேன். உப்புக் கரிக்குது, இல்லன்னா பச்சை வாசனை அடிக்குது. என்ன தப்பு?

இதுதான் நான் அதிகம் கேட்ட கேள்வி. பொருளை வகுக்கலாம், நேரத்தை வகுக்க முடியாது. புளியின் பச்சை வாசனையும் சாம்பார் பொடியின் பச்சை வாசனையும் போக, நான்கு பேர் குழம்பானாலும் ஒரு ஆள் குழம்பானாலும் கிட்டத்தட்ட அதே பத்துப் பன்னிரண்டு நிமிடம் கொதிக்க வேண்டும். அந்த நேரத்தில் அகலமான பாத்திரத்தில் இருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் பாதியாகிவிடும், உப்பும் புளிப்பும் ஏறிவிடும். அதற்குப் பயந்து சீக்கிரம் இறக்கினால் பச்சை வாசனை. நீங்கள் சொன்ன இரண்டு குறையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

ஒரு ஆளுக்கு நான் வைக்கும் விதம் இது. அகலம் குறைந்த பாத்திரத்தில் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, கடுகு, வெந்தயம் நாலைந்து மணி, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, ஆறு சின்ன வெங்காயமும் அரைத் தக்காளியும் வதக்குவேன். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைப் புளியை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, முக்கால் டீஸ்பூன் சாம்பார் பொடி, ஒரு முருங்கைக்காயில் பாதி. மூடியைச் சாய்த்து வைத்து, தீயைத் தணித்துவிடுவேன். காய் வெந்து, மேலே எண்ணெய் மின்ன ஆரம்பிக்கும்போது வெந்த பருப்பு கால் டம்ளர். உப்பை முதலில் பாதிதான் போடுவேன், மீதியைப் பருப்பு சேர்த்துக் கொதி வந்தபின் ருசி பார்த்துப் போடுவேன்.

தாளிப்பும் அப்படித்தான். குறிப்பில் நான்கு பேருக்கு நான்கு டீஸ்பூன் எண்ணெய் என்று இருந்தால் ஒரு டீஸ்பூனில் கடுகு வெடிக்கும் முன் கருகும். வாணலியில் அது படர்ந்துவிடும், கடுகு மூழ்காது. தாளிப்புக் கரண்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் குறைந்த எண்ணெயே போதும். காரம், பெருங்காயம், கிராம்பு போன்றவற்றை மட்டும் நான்கில் ஒரு பங்கைவிடக் குறைவாகத் தொடங்கிப் பழகுங்கள்.

ஞாயித்துக்கிழமை ஒரே நாள்ல வாரத்துக்கும் சமைச்சு வச்சிடலாமா?

முழுச் சமையலாக வைத்தால் செவ்வாய்க்கிழமையே அலுத்துவிடும், வெள்ளிக்கிழமைக்கு அது பாதுகாப்பும் இல்லை. சமைத்த உணவுக்கு ஃப்ரிட்ஜில் மூன்று, அதிகம் போனால் நான்கு நாள் கணக்கு. அதுவும் ஃப்ரிட்ஜ் உண்மையிலேயே 4 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால். மின்வெட்டு அடிக்கடி உள்ள இடத்தில் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

முழுக் குழம்பைவிட, குழம்புக்கான அடிப்படையைச் செய்து வைப்பது நல்லது. துவரம்பருப்பு அரை டம்ளரை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீரும் மஞ்சளும் இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டு ஐந்து விசில். உப்புப் போடாமல் ஆறவைத்து மூன்று சின்ன டப்பாவில் பிரித்து வைத்துவிடுங்கள். முதல் நாள் அது சாம்பார். மறுநாள் அதன் தெளிவில் ரசம், அடியில் இருக்கும் பருப்பு சாதத்துக்கு. மூன்றாம் நாள் சுரைக்காயோ கோஸோ போட்டுக் கூட்டு. ஒரே பருப்புதான், ஆனால் தட்டில் மூன்று நாளும் வேறு சாப்பாடு.

இதோடு உரித்த பூண்டு ஒரு டப்பா, ஊறவைத்து வேகவைத்த கடலை ஒரு டப்பா, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் அல்லது தக்காளித் தொக்கு இருந்தால் வாரநாள் சமையல் இருபது நிமிட வேலைதான். புளிக்காய்ச்சலும் தொக்கும் நல்லெண்ணெய் மிதக்க, ஈரக்கரண்டி படாமல் ஃப்ரிட்ஜில் இருந்தால் வாரக்கணக்கில் தாங்கும்.

மிஞ்சின சாதத்தை அப்படியே மூடி வச்சு ராத்திரி சூடு பண்ணிச் சாப்பிடறேன். பரவாயில்லையா?

வெளியில் கிடந்த சாதம் என்றால் வேண்டாம். அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கலாம். அவை சாதம் வேகும் சூட்டையும் தாங்கிக்கொள்ளும். சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை விடும். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. எனவே கொதிக்கச் சூடு பண்ணிவிட்டேனே என்ற சமாதானம் இங்கே செல்லாது.

சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள், நம் ஊர் கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். ஆழமான பாத்திரத்தில் குவித்து வைத்தால் நடுவில் சூடு நிற்கும், தட்டில் பரப்பி ஆறவைத்து டப்பாவில் போடுங்கள். மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள். வேண்டிய அளவை மட்டும் எடுத்து, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி, ஆவி பறக்கச் சூடு பண்ணுங்கள், ஒரே தடவைதான்.

அப்போ பழைய சோறு மட்டும் எப்படி சாப்பிடறாங்க? அதுவும் வெளியிலதானே கிடக்குது?

நல்ல கேள்வி. பழைய சோற்றில் சாதம் ஆறியதும் தண்ணீரில் முழுக்க மூழ்கியிருக்கும். இரவு முழுக்க லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் பெருகி அதை இலேசாகப் புளிக்க வைக்கும், அந்தப் புளிப்பு பல கெட்ட கிருமிகளைத் தலையெடுக்க விடாது. மதியத்திலிருந்து உலர்வாகக் கிடந்த சாதத்தில் இரவு பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது, முந்தைய பதிலில் சொன்ன ஆபத்து அதற்குள் வந்திருக்கும்.

இரவு வடித்த சாதம், சுத்தமான பாத்திரம், குடிக்கிற தண்ணீர், மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிடுவது. இவ்வளவும் இருந்தால் உப்பும் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து நிம்மதியாகச் சாப்பிடலாம். கொழகொழப்போ வேறு வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள். கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் புதிதாக வடித்த சாதத்தில் மோர் ஊற்றிச் சாப்பிடுவதே மேல்.

காய்கறி வாங்கினா பாதி வாடி குப்பைக்குப் போகுது. ஒரு கட்டுக் கீரையை ஒரு ஆள் எப்படித் தீர்க்கறது?

வாரம் ஒரு தடவை பை நிறைய வாங்குவது குடும்பத்துக்கான வழக்கம். தனி ஆள் வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று காய். எண்ணி வாங்கக்கூடிய காய்கள் இருக்கின்றன: வாழைக்காய் ஒன்று, சௌசௌ ஒன்று, முருங்கைக்காய் ஒன்று, கத்தரிக்காய் நான்கு, வெண்டைக்காய் ஒரு பிடி. பூசணியும் பரங்கியும் பத்தையாகவே கிடைக்கும். தெருமுனைக் கடைகளில் ஒரு முருங்கை, ஒரு துண்டுப் பூசணி, இரண்டு கத்தரிக்காய் என்று சாம்பாருக்கான காய்களைச் சேர்த்து ஒரு கூறாகத் தருவார்கள். வாடிக்கையாகிவிட்டால் கடைக்காரம்மாவே நமக்கு ஏற்ற அளவில் எடுத்து வைப்பார். சீக்கிரம் வாடும் கீரை, வெண்டை முதலில், அப்புறம் பீன்ஸ், கத்தரி, கடைசியில் கேரட், பீட்ரூட், சேனை. இந்த வரிசையில் சமைத்தால் குப்பைக்குப் போவது வெகுவாகக் குறையும்.

கீரைக்கட்டு பார்க்கத்தான் பெரிது, வெந்தால் இரண்டு வேளைக்குத்தான் வரும். கழுவாமல், வேரை நறுக்கி, பழைய பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் இரண்டு நாள் நிற்கும். முதல் நாள் பாதியைப் பொரியல் செய்துவிட்டு, மீதியை மறுநாள் வேகவைத்த பருப்போடு மசியுங்கள். முருங்கைக்கீரையை மட்டும் வாங்கிய அன்றே உருவிவிடுங்கள், விட்டால் காம்பிலிருந்து உதிர்ந்து கொட்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், இரண்டும் சீக்கிரம் கெடும்.

தேங்காய் உடைச்சா ஒரு மூடி வீணாகுது.

உடைத்த அன்றே கண் உள்ள மூடியை முதலில் பயன்படுத்துங்கள், அதுதான் சீக்கிரம் கெடும் என்பார்கள். மற்ற மூடியைத் துருவி, இரண்டு ஸ்பூன் இரண்டு ஸ்பூனாகச் சின்னப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் கவலை இல்லை. பொரியலுக்கு அப்படியே போடலாம், சட்னிக்கு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்தால் கட்டி பிடிக்காது.

இட்லி மாவு வீட்லயே அரைக்கணுமா? கடை மாவு வாங்கினா என்ன?

அரை கிலோ பாக்கெட்டாக, தேதி பார்த்து, ஃப்ரிட்ஜில் இருப்பதை வாங்கினால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு ஆளுக்காகக் கிரைண்டர் போட்டுக் கழுவும் வேலையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். வாங்கும்போதே மூக்கைத் துளைக்கும் புளிப்பு இருந்தால் மட்டும் வேறு கடை பாருங்கள்.

வீட்டு மாவுதான் வேண்டும் என்றால் ஒரு டம்ளர் இட்லி அரிசி, கால் டம்ளர் உளுந்து, கால் டீஸ்பூன் வெந்தயம். நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, உளுந்தைச் சட்னி ஜாரில் ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்தால் மிக்ஸி சூடேறாமல் பொங்கி வரும். அரிசியைக் கொஞ்சம் நறநறப்பாக விடுங்கள். உப்புப் போட்டுக் கையால் கலந்து இரவு முழுக்க வைத்தால், சுமார் ஒரு டஜன் இட்லிக்கு வரும். முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, கடைசிக் கரண்டிகள் வெங்காயம் போட்டு ஊத்தப்பம்.

மீன், கோழி எல்லாம் கிலோ கணக்குலதானே வாங்க முடியும்?

கேட்டால் கால் கிலோவும் தருவார்கள், தயங்காமல் கேளுங்கள். ஒரு ஆளுக்கு ஏற்றது நெத்திலி, மத்தி, சங்கரா போன்ற சின்ன மீன்கள். வஞ்சிரத் துண்டுக்குக் கொடுக்கும் காசில் மத்தி பல வேளைக்கு வரும், ஒமேகா 3 கொழுப்பும் அதில் நிறைய. கோழியை அரைக் கிலோ வாங்கி, வந்தவுடன் இரண்டு மூன்று பொட்டலமாகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டியதை முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் காலையில் உருகியிருக்கும். மேடை மேல் போட்டு உருகவைப்பதும், உருகியதைத் திரும்ப உறையவைப்பதும் கூடாது.

ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வரேன். அப்புறம் சமைக்கணுமா?

சமைக்க வேண்டாம், சேர்க்க மட்டும் செய்யுங்கள். மேலே சொன்ன தொக்கும் பொடியும் இருந்தால் தோசைக்கு அது போதும். கெட்டி அவலைப் பத்து நிமிடம் ஊறவைத்து, வேர்க்கடலையும் பச்சைமிளகாயும் தாளித்து எலுமிச்சை பிழிந்தால் ஒரு இரவுச் சாப்பாடு. ரவை அரை டம்ளருக்கு ஒன்றே கால் டம்ளர் தண்ணீர் விட்டு, ஒரு கேரட்டைத் துருவிப் போட்டால் உப்புமா. இரண்டு முட்டையை உடைத்து வெங்காயம் தக்காளியோடு கிளறினால் பொடிமாஸ்.

வழியில் சாப்பிட்டுவிட்டு வருவதில் தவறு இல்லை. ஆனால் தினமும் பத்தரைக்குப் பரோட்டா சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுத்தால் நெஞ்செரிச்சல் வரும், காலையில் பசிக்காது, காலைச் சாப்பாடு தவறும், மதியம் அளவுக்கு மேல் போகும். முடிந்தால் மாலை ஆறு, ஏழு மணிக்கு வேலை இடத்திலேயே ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு வாழைப்பழமோ சாப்பிட்டுவிடுங்கள். அது இருந்தால் இரவு பத்து மணிக்கு இரண்டு தோசையே போதும் என்று தோன்றும்.

கணக்குப் பார்த்தா ஒரு ஆளுக்கு வெளியில சாப்பிடறதே மலிவு இல்லையா?

சில நேரம் ஆமாம். சென்னையில் 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், தயிர்ச் சாதம் 3 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய் என்றுதான் விலை வைத்தார்கள். அந்த விலைக்கு வீட்டில் செய்ய முடியாது. பக்கத்தில் இருந்தால் கூச்சப்படாமல் போய்ச் சாப்பிடுங்கள். ஆனால் செயலியில் வரவழைக்கும் சாப்பாட்டை வீட்டுச் சமையலோடு ஒப்பிட்டால் வீடுதான் மலிவு, கொண்டுவரும் கட்டணமும் டப்பா கட்டணமும் சேர்ந்துவிடும்.

வீட்டுச் சமையலை விலை ஏற்றுவது அரிசியோ பருப்போ அல்ல, வீணாகும் காய்தான். அதைக் காய்கறிக் கேள்வியில் சொன்னபடி கட்டுப்படுத்தினால் போதும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. சாதத்தை வீட்டில் வடித்துக்கொண்டு, குழம்பையும் பொரியலையும் மெஸ்ஸில் பொட்டலமாக வாங்குவது. முற்பகலிலேயே சாம்பார், கூட்டு, பொரியல் மட்டும் கட்டித் தரும் கடைகள் பல பேட்டைகளில் இருக்கின்றன. வேலை கழுத்தை நெரிக்கும் வாரங்களில் நான் தயங்காமல் அப்படித்தான் செய்கிறேன்.

தனியா சமைச்சுச் சாப்பிட்டா சத்து எல்லாம் சரியா கிடைக்குதான்னு எப்படித் தெரியும்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2000 கலோரி உணவுக்கு ஒரு நாள் அளவு இருக்கிறது: தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பருப்பு வகை 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மி.லி., பழம் 100 கிராம். நம் தட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சோறு அந்த அளவைத் தாண்டியிருக்கும், காய் பாதிகூட இருக்காது. தனியாக இருப்பவர்கள் முதலில் வெட்டுவது பொரியலைத்தான், நறுக்க வேண்டியிருக்கிறதே.

புரதத்துக்கு ஒரு கணக்கு. பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். இரண்டு வேளைச் சோற்றில் 12, ஒரு கிண்ணம் பருப்பில் 9, காலை இட்லியில் 6 அல்லது 7, ஒரு டம்ளர் தயிரில் 6 என்று கூட்டினால் 35-ஐத் தொடவே சிரமப்படும். ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் சேர்ந்தால்தான் 50-க்குக் கிட்ட வரும். அதனால்தான் வேகவைத்த கடலை எப்போதும் டப்பாவில் இருக்கட்டும் என்றேன்.

ராஜ்மாவும் கொண்டைக்கடலை மாதிரிதானே? ஊறவச்சு மெதுவா சின்னத் தீயில வேகவைக்கலாமா?

கூடாது. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற பொருள் அதிகம். அரைகுறையாக வெந்தால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கொதிநிலைக்குக் கீழே மெதுவாகச் சூடாக்குவது பச்சையாகச் சாப்பிடுவதைவிட மோசம். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் விரலால் நசுக்கினால் மசியும்வரை வேகவையுங்கள். குக்கர் இல்லை என்றால் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்தபின்தான் தீயைத் தணிக்க வேண்டும்.

தனியா உட்கார்ந்து சாப்பிடவே பிடிக்கல. போனைப் பார்த்துக்கிட்டு எதையோ சாப்பிட்டு முடிச்சிடறேன்.

இது சமையல் கேள்வி இல்லை என்று சொல்லி நகர மாட்டேன், இதுதான் பலர் சமைப்பதையே விட்டதற்குக் காரணம். குக்கரிலிருந்தே ஸ்பூனால் சாப்பிடாதீர்கள். தட்டில் சோறு, குழம்பு, ஓரத்தில் பொரியல் என்று எடுத்து வைத்து உட்காருங்கள். எவ்வளவு சாப்பிட்டோம் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். சத்தம் வேண்டும் என்றால் பாட்டோ வானொலியோ ஓடட்டும், கண் தட்டில் இருக்கட்டும். வாரத்தில் ஒரு வேளை யாரோடாவது சேர்ந்து சாப்பிடுங்கள். எதிர் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கூட்டு கொடுத்துப் பாருங்கள், கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வராது. தொடர்ந்து பசியே இல்லை, எடையும் குறைகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

அம்மா ஊர்ல தனியா இருக்காங்க. எனக்கு ஒரு வாய் மோர்ச் சோறும் ஊறுகாயும் போதும்னு சொல்றாங்க. விட்டுடலாமா?

விட்டுவிடாதீர்கள். வயது ஏற ஏறப் பசி குறையும், சதையும் குறையும். சதையைக் காக்கப் புரதம் வேண்டும், மோர்ச் சோற்றில் அது சொற்பம். ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்தால் ஒரு நாளுக்கு 5 கிராம் என்ற உப்பு அளவும் தாண்டும், இரத்த அழுத்தம் இருந்தால் அது இன்னும் கெடுதல். இதற்குமேல் ஒன்று, ஒரு நாள் வைத்த குழம்பைச் சுண்டவைத்துச் சுண்டவைத்து நான்கு நாள் ஓட்டுவது. புளி நிறைந்த வற்றல் குழம்பு தாங்கும், தேங்காயோ பருப்போ போட்டது தாங்காது.

பல அம்மாக்கள் வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்காகச் சமைத்தவர்கள். தனக்காக மட்டும் அடுப்பு மூட்டுவது அவர்களுக்கு வீண் வேலையாகத் தோன்றுகிறது. திட்டினால் மறைப்பார்கள். தொலைபேசியில் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டால் "ஆச்சு" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு என்ன காய்?" என்று கேளுங்கள், காய் இல்லாத நாள் அப்போது தெரியும். பெரிய குக்கரைத் தூக்க முடியாமல் இருக்கலாம், சின்ன குக்கர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். மோர்ச் சோற்றை மாற்றாமலேயே கூட்டலாம்: மோருக்குப் பதில் கெட்டித் தயிர், தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல், காலையில் கேழ்வரகுக் கஞ்சியில் பால், மாலையில் குழைய வெந்த பாசிப்பயறு, சாப்பிடுபவர் என்றால் ஒரு முட்டை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

தனியா இருக்கும்போது காய்ச்சல்ல படுத்துட்டா என்ன பண்றது?

உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு டப்பா ஏற்பாடு செய்துவிடுங்கள். அதில் அரிசி நொய், பாசிப்பருப்பு, உப்பு, மிளகு சீரகப் பொடி, ரொட்டி, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, ஒரு வெப்பமானி. கால் டம்ளர் நொய்க்கு இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு, ஒரு ஸ்பூன் பாசிப்பருப்பும் போட்டு நான்கு விசில் விட்டால் கஞ்சி. குடிக்கும் அளவுக்கு வெந்நீர் விட்டு நீர்த்துக்கொள்ளுங்கள். மீதியை முன்னால் சாதத்துக்குச் சொன்னபடி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் இன்னொரு வேளைக்கு அடுப்படியில் நிற்க வேண்டாம். கரைசல் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், குறைத்துக் கெட்டியாகக் குடிக்கக் கூடாது.

படுத்த அன்றே பக்கத்து வீட்டில் ஒருவரிடமும், ஊரில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிட்டது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் கஞ்சியோடு காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தனியாகப் போக முடியாது என்றால் 108-ஐ அழையுங்கள்.